வெட்டாதையாரின் காடு

தோற்பதில் வெட்டாதையாரை மிஞ்சிய மனிதர் இந்தத் தீவில் இருந்ததில்லை, இனிப் பிறக்கப் போவதும் இல்லை. தோல்வி எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் நாமெல்லாம் ஏதோ அரைகுறையாகத் தோற்றுவிட்டு, மிச்சத்துக்கு விதியைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அவர் அப்படியில்லை. முழங்கால் வரை காலுறையை இழுத்துவிட்டு, தொப்பி போட்டு, குடையும் எடுத்துக்கொண்டு, திட்டத்தோடு போய்த் தோற்றுவிட்டு வருவார். மறுநாள் காலை அதே உடுப்பில் இன்னொரு திட்டத்தோடு தன் அலுவலகமான கந்தோர் வாசலில் நிற்பார்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அவரிடம் கிளாக்கராகச் சேர்ந்தேன். ஒட்டுசுட்டானில் பஸ்ஸை விட்டிறங்கி, வண்டிப் பாதையில் வெகுதூரம் காட்டுக்குள் போனால் ஒரு குளம் வரும். அதன் கட்டோடு ஒட்டினாற்போல எங்கள் கந்தோர். யாழ்ப்பாணத்தில் கோட்டில் வழக்குப் பேசிப் பேரெடுத்த ஒரு பிறக்கிராசியார், பிள்ளை குட்டி இல்லாதவர், சாகும்போது வன்னியில் தமக்கிருந்த காணி முழுவதையும் தருமத்துக்கு எழுதி வைத்துவிட்டார். குளத்துக்குக் கீழே உள்ள வயல்களைக் காணியில்லாத குடும்பங்கள் செய்து பிழைக்க வேண்டும். குளத்துக்கு மேலே உள்ள காடு தண்ணீர் வரும் வழியாகையால் அதை அப்படியே காக்க வேண்டும். இவ்வளவுதான் அவருடைய விருப்பம். இதை நடத்த யாழ்ப்பாணத்தில் ஒரு தருமகர்த்தா சபை இருந்தது. அந்தச் சபைக்கு வன்னியில் ஒரு மனேச்சர். மனேச்சருக்குக் கீழே நான். எனக்குக் கீழே ஒரு மேசையும் அதைத் தின்றுகொண்டிருந்த கறையானும்.

மனேச்சர் மலாயாவில் றப்பர்த் தோட்டத்தில் மேற்பார்வைக் கண்டக்டராக இருந்து பென்ஷன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தவர். அங்கே அவருடைய வேலை, காட்டை வெட்டுவித்து றப்பர் கன்று நடுவது. காட்டைப் பற்றித் தெரிந்த ஆள் என்று சபை அவரைப் பிடித்து இந்தக் காட்டுக்குக் காவல் போட்டது. இறைச்சிக் கடைக்காரருக்கு ஆடுகளைப் பற்றி நன்றாகத் தெரியும் என்று பட்டியை அவரிடம் ஒப்படைப்பது போன்ற யோசனை இது. ஆனால் ஆள் மாறிப்போயிருந்தார் என்பது சபைக்குத் தெரியாது.

ஒருநாள் என்னிடம் சொன்னார்: "தம்பி, நான் மலாயாவிலை வெட்டுவிச்ச இடத்திலை ஒரு ராச்சியம் வைக்கலாம். அதிலை ஒரு மரத்தின்ரை பேரையும் நான் ஒருத்தரிட்டையும் கேட்டறியேல்லை."

அதற்குப் பிராயச்சித்தமாகவோ என்னவோ, எங்கள் காட்டில் அவருக்கு ஒவ்வொரு மரமும் உறவாகிப்போனது. காலையில் சைக்கிளில் காட்டோரம் போவார். எங்கேயாவது கத்திச் சத்தம் கேட்டால் போதும், சைக்கிளைப் பற்றைக்குள் எறிந்துவிட்டு, "வெட்டாதை, வெட்டாதை" என்று கத்திக்கொண்டு ஓடுவார். பாதி நேரம் யாராவது தங்கள் வளவுக்குள் தேங்காய் வெட்டிக்கொண்டிருப்பார்கள். ஒட்டுசுட்டான் சந்திச் சலூனில் ஒருநாள் தலைமயிர் வெட்ட இருந்தவர், கதிரையிலேயே அயர்ந்து தூங்கி, கனவில் காட்டைக் கண்டு, "வெட்டாதை" என்று அலறிவிட்டார். அப்போது தலையில் ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது. சலூன்காரர் பயந்த மனிதர். மிச்சத்தை வெட்டலாமோ கூடாதோ என்று தெரியாமல், அவர் கண் விழிக்கும் வரை கத்தரியும் கையுமாக நின்றாராம். அன்றைக்கு விழுந்த பெயர்தான் வெட்டாதையார். பெற்றோர் வைத்த பெயரைச் சம்பளப் பத்திரத்துக்கு வெளியே யாரும் பாவித்து நான் கேட்டதில்லை.

அவருடைய திட்டங்களைச் சொல்லப் போனால் இந்தப் பத்திரிகை முழுவதும் காணாது. காட்டுக்கும் வயலுக்கும் நடுவே கிளுவை வேலி போட்டார், மாடுகள் தின்றன. பனங்கொட்டை ஊன்றினார், காட்டுப்பன்றி கிளறித் தின்றது. யானைகள் வயலில் இறங்காமல் இருக்க அவற்றுக்கென்று காட்டோரமாக ஒரு பாதை ஒதுக்கி, இரு பக்கமும் வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய கட்டைகள் நாட்டினார். யானைக்கு வெள்ளை நிறம் பிடிக்காது என்று மலாயாவில் ஒரு துரை சொன்னாராம். அடுத்த கிழமை பொன்னம்மாக்கா கந்தோருக்கு வந்தார். பொன்னம்மாக்கா யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறிய விதவை. சோர்ந்த குரலில், பெரிதாகக் கோபப்படாமல்தான் எதையும் சொல்வார்.

"ஐயா, ஆனை உங்கடை கட்டையிலை வடிவாய் முதுகு சொறிஞ்சுபோட்டுத்தான் என்ரை வயலுக்கை இறங்கினது. இனி நடேக்கை கொஞ்சம் தள்ளி நடுங்கோ."

பிறகு வீட்டுக்கொரு முதிரை மரக்கன்று கொடுக்கும் திட்டம் வந்தது. நட்டு வளர்ப்பதாக எல்லாரும் கைச்சாத்துப் போட்டு வாங்கிப்போனார்கள். ஒரு மாதம் கழித்து நாங்கள் சுற்றிப் பார்க்கப் போனபோது, பொன்னம்மாக்காவின் வளவில் கன்று நின்ற இடத்தில் ஒரு ஆடு நின்றது. கன்று எப்படி என்று மனேச்சர் கேட்டார். நேற்று வரைக்கும் நல்லாய் இருந்தது என்று பொன்னம்மாக்கா உண்மையைச் சொன்னார். திரும்பி வரும்போது மனேச்சர் அந்த ஆட்டைக் குறைத்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "அதுக்கும் பசிதானே தம்பி" என்றார்.

அவருக்கு இருந்த ஒரே சிநேகிதர் காசிம் நானா. முல்லைத்தீவைச் சேர்ந்த மர வியாபாரி. மரம் வெட்டி விற்கிறவரும் மரத்தை வெட்டாதே என்கிறவரும் எப்படிச் சிநேகிதரானார்கள் என்று கேட்காதீர்கள். அந்தப் பக்கத்தில் மரங்களைப் பற்றி அலுக்காமல் கதைக்கக்கூடியவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். ஒவ்வொரு காலையும், மரம் அடுக்கி விற்க வண்டிப் பாதையோரம் நானா போட்டிருந்த மரக்காலைக் கொட்டிலில் தேத்தண்ணி. எதிரும் புதிருமாக இருந்து, ஒருவர் ஒரு முதிரையின் அழகைச் சொல்ல, மற்றவர் அதில் எத்தனை அலுமாரி செய்யலாம் என்று சொல்லுவார். பிறகு இருவரும் மனம் நொந்து பிரிவார்கள். அடுத்த நாளும் வருவார்கள்.

இப்படியே போயிருந்தால் நான் இதை ஒரு சிரிப்புக் கதையாகவே எழுதி முடித்திருப்பேன். ஆனால் ஒரு வருசம் மாரி பொய்த்தது. ஐப்பசியில் வானம் கறுத்தது, கார்த்திகையில் வெளுத்தது. குளத்தில் நடுவே ஒரு சேற்றுக் குட்டை மட்டும் மிஞ்சியது. விதைத்த நெல் முளைத்து, ஒரு சாண் வளர்ந்து, நின்ற நிலையிலேயே வைக்கோலாகிவிட்டது. தை பிறந்தபோது பொங்குவதற்கு யாரிடமும் அரிசி இல்லை. மனேச்சர் தன் பென்ஷன் காசில் மா மூட்டை எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். அத்தனை அடுப்புக்கு ஒரு பென்ஷன் எப்படிக் காணும்?

ஒருநாள் காலை எல்லாக் குடும்பமும் கந்தோர் வாசலுக்கு வந்தது. காட்டில் ஒரு துண்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்ய அனுமதி வேண்டும் என்றார்கள். ஆளுக்காள் சத்தமாகப் பேசினார்கள். காட்டை வெட்டினால் மண் கரைந்து குளம் தூர்ந்துபோகும், யானைக்கும் ஒதுங்க இடமிருக்காது, பிறகு என்றைக்குமே வயல் இல்லை என்று மனேச்சர் விளங்கப்படுத்தினார். அவர் சொன்னது முழுக்கச் சரி. கடைசியில் பொன்னம்மாக்கா பேசினார்.

"ஐயா, உங்கடை மரமெல்லாம் நல்லாய் நிக்குது. எங்கடை பிள்ளையள்தான் நிக்க ஏலாமல் கிடக்குதுகள்."

மனேச்சர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் நானும் அவரும் சுண்ணாம்பு வாளியோடு மேட்டுப் பக்கத்துக் காட்டுக்குப் போனோம். எந்தத் துண்டை விடலாம் என்று பார்த்து, அதிலுள்ள மரங்களுக்குக் குறி போட வேண்டும். முதலாவது மரம் இளசு, இன்னும் வாழ்க்கையைக் காணவில்லை என்றார். விட்டோம். அடுத்தது கிழடு, இவ்வளவு காலம் நின்றதை நாங்களா விழுத்துவது என்றார். மூன்றாவதில் கிளிப் பொந்து இருந்தது. இன்னொன்றின் நிழலில்தான் அவர் வழக்கமாக மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிடுவார். ஒரு வீரை மரம் பார்க்கவே கோணலாக, எதற்கும் உதவாததாக நின்றது. இதையாவது போடுவோம் ஐயா என்றேன். அதை ஒருத்தரும் விரும்ப மாட்டார்கள், பாவம் என்றார். பொழுது சாயும் நேரத்தில் ஒரு பட்ட மரத்தைக் கண்டோம். இலையில்லை, பட்டையில்லை, உயிரும் இல்லை. மனேச்சர் பெருமூச்சு விட்டுத் தூரிகையை வாளியில் தோய்த்தார். அந்த நேரம் பார்த்து, மேலே இருந்த ஓட்டையிலிருந்து ஒரு மரங்கொத்தி தலையை நீட்டியது. அவர் அதைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது.

"தம்பி, இதிலை ஆள் இருக்குது" என்றார்.

நிரம்பிய வாளியோடு திரும்பி நடந்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருடைய முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. குளக்கட்டில் ஏறும்போது, "என்னாலை மரத்தையும் குடுக்க ஏலேல்லை, சோத்தையும் குடுக்க ஏலேல்லை. பிறகு நான் என்னத்துக்கு மனேச்சர்?" என்றார்.

மிச்சமாக இருந்த ஒரே வழி யாழ்ப்பாணத்துச் சபை. இந்த ஒரு போகத்துக்குக் குடும்பங்களுக்கு அரிசி அனுப்புங்கள், காடு தப்பும் என்று கேட்பதற்காக மனேச்சர் புறப்பட்டார். நானும் கூடப் போனேன். சபைக் கனவான்கள் வட்டமாகக் கதிரைகளில் இருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். ஒருவர் கண்ணை மூடியிருந்தார். மற்றவர்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்குக் காட்டின் அருமை தெரியாததுதான் பிரச்சினை என்று மனேச்சர் நினைத்துவிட்டார். அதனால் காட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அப்படி ஒரு பேச்சை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஒவ்வொரு முதிரையாக எடுத்துச் சொன்னார். அதன் உயரம், இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அதன் அடி, அறுத்தால் பட்டுச்சேலை போல மினுங்கும் அதன் வைரம், நூறு வருசம் மழையில் கிடந்தாலும் உக்காத பாலையின் உறுதி, இப்படி ஒரு காடு இனி வன்னியில் எங்குமே இல்லை என்பது. சொல்லச் சொல்லச் சபை விழித்துக்கொண்டது. விசிறிகள் நின்றன. கண்ணை மூடியிருந்தவர் நிமிர்ந்து இருந்தார்.

"மனேச்சர், இவ்வளவு நல்ல மரமோ அங்கை நிக்குது? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார் அவர்.

பிறகு எல்லாம் சுருக்காக முடிந்தது. மேட்டுக் காட்டு மரங்களை விற்பது, அந்தக் காசில் குடும்பங்களுக்கு அரிசி கொடுப்பது, மிச்சத்தைத் தருமத்தில் சேர்ப்பது. சபையில் இரண்டு பேர் வழக்குப் பேசுகிறவர்கள். காட்டைக் காப்பது என்றால் வெட்டவே கூடாது என்று பொருளில்லை, அதில் வாழும் குடும்பங்களைக் காப்பதும் சாசனத்தில்தான் இருக்கிறது என்று அழகாக விளங்கப்படுத்தினார்கள். கேட்ட அரிசி கிடைத்துவிட்டது. மனேச்சரைப் பாராட்டிக் கைகுலுக்கினார்கள். தேத்தண்ணியும் தந்தார்கள்.

மாங்குளத்துக்கு ரெயிலில் திரும்பினோம். அவர் யன்னலோரம் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஆனையிறவில் உப்பளத்தைக் கடக்கும்போது மட்டும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நான் கொஞ்சம் வடிவாய்க் கதைச்சிட்டன்."

மரம் வெட்டும் குத்தகையான கொந்துறாத்தை எடுத்தவர் காசிம் நானா. அதை அவரே வந்து சொன்னார். "ஐயா, நான் எடுக்காட்டில் கொழும்பிலையிருந்து ஒருத்தன் எடுப்பான். அவனுக்கு உங்களையும் தெரியாது, இந்தக் குளத்தையும் தெரியாது." மனேச்சர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆனால் மறுநாளும் வழக்கம்போல நானாவின் கொட்டிலுக்குப் போனார். தேத்தண்ணியை வாங்கி, நானாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து குடித்தார். பிறகு வந்த நாளெல்லாம் அப்படித்தான். நானாவும் அந்த முதுகோடு மரியாதையாகக் கதைத்துக்கொண்டிருந்தார்.

வெட்டு நடந்த காலம் முழுவதும் மனேச்சர் வீட்டில் இருக்கவில்லை. கந்தோர்க் கதிரையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய், குடையைப் பிடித்தபடி இருப்பார். மரங்கள் விழ விழ வெயில் ஏற, அந்தக் குடைக்கு வேலை வந்தது. வெட்டுகிறவர்கள் நல்லவர்கள். ஒவ்வொரு மரத்துக்கும் கோடரியை வைப்பதற்கு முன் அவர் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் தொப்பியைக் கழற்றி, ஓம் என்று தலையாட்டுவார். நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். செத்த வீட்டுக்குப் போகாமல் விட ஏலாது என்றார்.

வண்டியில் அரிசி வந்தது. குளத்தடியில் மறுபடி அடுப்புப் புகை எழுந்தது. ஒரு மத்தியானம் பொன்னம்மாக்கா ஒரு கோப்பையில் சோறும் குழம்பும் போட்டு, காட்டுக்குள் அவர் இருந்த இடத்துக்குக் கொண்டுவந்தார். பசியில்லை என்றார் மனேச்சர். பொன்னம்மாக்கா போகாமல் நின்றார்.

"சாப்பிடுங்கோ ஐயா. இது உங்கடை மரம்தான்."

அவர் கோப்பையை வாங்கி, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடியும் வரை பொன்னம்மாக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெட்டி முடிந்தபோது, குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையின் இரு கரையிலும் இருந்த மரங்கள் மட்டும் அப்படியே நின்றன. அவையெல்லாம் கோறை, உள்ளே ஒன்றுமில்லை, ஏற்றுகிற கூலிக்கும் காணாது என்று காசிம் நானா சபைக்குச் சொல்லிவிட்டார். ஒரு மரம் மிச்சமில்லாமல் வரிசையாகக் கோறை விழுவது எப்படி என்று ஒரு கனவான் கேட்டிருக்கிறார். தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றால் அப்படித்தான் என்றாராம் நானா. இந்தக் கதை காதில் விழுந்ததும் மனேச்சர் குடையோடு ஓடைக்குப் போனார். ஒவ்வொரு மரமாகக் குடைப் பிடியால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். எல்லாம் கல்லுப் போல வைரம். மறுநாள் காலை நானாவின் கொட்டிலில், முகத்துக்கு முகம் பார்த்திருந்து தேத்தண்ணி குடித்தார்.

அந்த வருசம் மாரி ஏமாற்றவில்லை, கொட்டித் தீர்த்தது. மேட்டிலே தடுக்க மரமில்லாமல் மண் முழுவதும் கரைந்து குளத்துக்குள் இறங்கியது. தண்ணீர் தேநீர் நிறத்தில் நிரம்பி, பாதிக்கு மேல் சேறாக நின்றது. ஒதுங்க இடமில்லாத யானைகள் நேரே வயலுக்கு வந்தன. மனேச்சர் சொன்னது ஒவ்வொன்றாக நடந்தது. அவர் யாரிடமும் நான் அப்போதே சொன்னேன் என்று சொல்லவில்லை. சரியாகச் சொன்னதில் அவருக்கு ஒரு சந்தோசமும் இருக்கவில்லை.

மழை விட்டபின், வெட்டிய முதிரைக் குற்றிகள் சிலவற்றில் தளிர் விட்டது. அவர் முள்ளு வெட்டி வந்து ஒவ்வொன்றுக்கும் கூடு கட்டத் தொடங்கினார். கை முழுவதும் கீறல். கட்டிய கூட்டையும் தாண்டி ஆடுகள் தின்றன. சில கிழமைகளுக்குப் பிறகு ஆடுகள் அந்தப் பக்கம் வருவது நின்றது. விசாரித்தால், பொன்னம்மாக்கா வீடு வீடாகப் போய், ஆட்டைக் கட்டி வளர்க்கச் சொல்லி எல்லாரையும் உண்டு இல்லையென்று ஆக்கிவிட்டார். இதைக் கேட்டு மனேச்சர் சந்தோசப்படுவார் என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் ஒரு தளிருக்கு முன்னால் குந்தியிருந்தார். நாலு விரல் உயரம்தான் இருக்கும்.

"இது காடாய் வர நூறு வரியம் செல்லும். எனக்கு இப்பவே அறுபத்திமூண்டு. நான் ஆரை ஏமாத்திப் பேய்க்காட்டுறன், தம்பி?"

என்றாலும் முள்ளுக் கட்டுவதை அவர் நிறுத்தவில்லை. நம்பிக்கையால் செய்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவரிடம் அப்படி எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. காலையில் எழும்பினால் வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வருசம் எனக்குக் கொழும்பில் அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. புறப்பட்ட அன்று அவர் ஒட்டுசுட்டான் வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு கூட வந்தார். வழி முழுவதும் என்னைத் திட்டினார். கொழும்பில் நிழலுக்கு ஒரு மரமில்லை, தலை வெடித்துச் சாவீர் என்றார். பஸ் புறப்படும் நேரம், யன்னலால் ஒரு இலைப் பொட்டலத்தை என் மடியில் எறிந்தார். ஓடைக்கரையில் பொறுக்கிய பாலைப்பழம்.

"அவசரப்பட்டுத் தின்னாதையும். பால் ஒட்டினால் வாய் திறக்க ஏலாது" என்றார். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மாங்குளம் வரைக்கும் என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் மடியில் கிடந்த பொட்டலத்தையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, பழப்பால் வாயை ஒட்டிவிட்டதோ என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அந்தப் பொட்டலத்தை நான் அப்போது அவிழ்த்திருக்கவேயில்லை.